காற்றை விற்ற கதை: பிளாஸ்டிக் நுரையும் அதற்குள் ஒளிந்த வாயுவும்

பி.காம். படிக்கிறவனுக்கு நுரையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. டீக்கடையில் முக்கால் டம்ளர் நுரையும் கால் டம்ளர் டீயுமாகக் கொடுத்தால் சண்டைக்குப் போகிறோம். ஆனால் ஃபிரிட்ஜ் வாங்கினால் அதைச் சுற்றி வருகிற தெர்மாகோலில் சுமார் 98 சதவீதம் காற்றுதான். சரக்கு வெறும் 2 சதவீதம். மெத்தைக்குள் இருக்கும் ஃபோமும் ஏறக்குறைய அதே கணக்கு. அதற்கெல்லாம் யாரும் சண்டை போடுவதில்லை, போடவும் கூடாது. ஏனென்றால் அங்கே காற்றுதான் சரக்கு, பிளாஸ்டிக் அதைப் பிடித்து வைக்கும் பாத்திரம்.

காற்றை எப்படிப் பிடித்து வைத்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவின் கதை. கொஞ்சம் உள்ளே போனால் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்ளும். அந்தக் குமிழுக்குள் இருப்பது வெறும் காற்றா, வேறு ஏதாவதா? இந்த இரண்டாவது கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில் ஒரு காலத்தில் பூமியின் ஓசோன் படலத்தையே அரித்தது. 2018இல் கூட ஒரு துப்பறியும் கதை அளவுக்கு அது மறுபடி கிளம்பியது. அங்கே வருவதற்கு முன்னால் ஒரு எட்டு சமையலறைக்குப் போய் வருவோம்.

சமையலறையில் நான்கு வழிகள்

பிளாஸ்டிக்கையோ ரப்பரையோ நுரைக்க வைக்கப் பல முறைகள் உண்டு. நம் வீட்டுப் பலகாரங்களை வைத்தே அவற்றை நான்காகப் பிரித்துவிடலாம்.

ஒன்று, ஆம்லெட். முட்டையை அடி அடி என்று அடித்தால் காற்று உள்ளே போய் நுரைக்கும். உடனே கல்லில் ஊற்றினால் நுரை அப்படியே இறுகிவிடும்.

இரண்டு, சோடா பாட்டில். அழுத்தத்தில் வாயு கரைந்து கிடக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைந்து குமிழ் குமிழாக வெளியே வரும்.

மூன்று, பொரி. அரிசிக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, அரிசியை உள்ளிருந்து ஊதிவிடும்.

நான்கு, இட்லி. மாவுக்குள்ளேயே நடக்கும் மாற்றத்தில் வாயு உண்டாகி மாவு பொங்கும். புளிக்க வைக்க நேரமில்லை என்றால் ரவா இட்லிக்கு ஆப்பசோடா போடுவோம் இல்லையா, அதுவும் இந்த வகையில் ஒரு குறுக்குவழி.

நான்கிலும் சிக்கல் ஒன்றுதான். நுரைக்கு ஆயுள் குறைவு. சோப்பு நுரையைப் பார்த்தாலே தெரியும், சின்னக் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி உடைந்துவிடும். அது உடைவதற்குள் சுற்றியுள்ள பொருள் கெட்டியாகிவிட வேண்டும். சீக்கிரமே கெட்டியானால் குமிழ் வளராது. தாமதமானால் நுரை அமுங்கிவிடும். மொத்த நுரைத் தொழிலும் இந்தச் சில நொடி, சில நிமிடப் பந்தயத்தை ஜெயிக்கிற வித்தைதான்.

ஆம்லெட் வழி: டன்லப், 1929

ரப்பர் மரத்திலிருந்து வடியும் பாலை அமோனியா கலந்து உறையாமல் வைத்து, மலாயா பக்கமிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்த காலம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் டன்லப் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஈ.ஏ. மர்ஃபி என்ற விஞ்ஞானி, 1929இல் அந்தப் பாலை முட்டை அடிப்பது போல நுரைக்க அடித்துப் பார்த்தார். சமையலறை மிக்சரில்தான் அடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள்.

அடிப்பது சுலபம், நுரையை நிற்க வைப்பதுதான் கஷ்டம். அதற்கு சோடியம் சிலிக்கோஃபுளோரைடு என்ற உப்பு கை கொடுத்தது. இதைக் கலந்தவுடன் பால் உறைவதில்லை. அச்சில் ஊற்றுவதற்குச் சில நிமிடம் அவகாசம் கொடுத்துவிட்டு, பிறகு ஒரே மூச்சில் தயிர் போல உறைய வைக்கும். அப்புறம் நீராவியில் வேக வைத்தால், அதாவது வல்கனைஸ் செய்தால், குமிழோடு சேர்ந்த ரப்பர் தயார். டன்லப்பில்லோ என்ற பெயர் இப்படித்தான் பிறந்தது. இலவம்பஞ்சும் குதிரை முடியும் அடைத்த சீட்டுகளில் உட்கார்ந்து பழகிய உலகத்துக்கு இது பெரிய புதுமை.

பின்னால் தலாலே என்ற குடும்பத்தினர் இதையே வேறு மாதிரி செய்தார்கள். அச்சை முழுக்க நிரப்பாமல் கொஞ்சமாக ஊற்றி, வெற்றிடத்தை உண்டாக்கி நுரையை விரிய வைத்து, அப்படியே உறைபனி நிலைக்குக் குளிர்வித்து, கரியமில வாயுவைச் செலுத்திக் கெட்டியாக்கினார்கள். செலவு கூடுதல், குமிழ்கள் இன்னும் சீராக இருக்கும். லேடக்ஸ் மெத்தை விற்கும் கடைகளில் 'டன்லப்', 'தலாலே' என்ற இரண்டு பெயர்களை இன்றும் கேட்கலாம். இப்போது அவை செய்முறைகளின் பெயர்கள்.

சோடா வழி: ஒரு பேடன்ட் பாடம்

பாலிஸ்டைரீன் என்பது கண்ணாடி போல இருக்கும் ஒரு மொறுமொறு பிளாஸ்டிக். அதை நுரைக்க வைப்பதற்கு 1931இல் பேடன்ட் விண்ணப்பம் போட்டவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் முன்டர்ஸும் ஜான் டான்ட்பெர்க்கும். முன்டர்ஸை நினைவில் வையுங்கள். 1920களில் பால்ட்சர் வான் பிளாட்டனோடு சேர்ந்து, மோட்டாரே இல்லாமல் வெப்பத்தால் ஓடும் ஃபிரிட்ஜை உருவாக்கியவர் அவர். குளிர்ச்சியை உண்டாக்கத் தெரிந்த மனிதருக்கு, அதை வெளியே விடாத சுவரும் தேவைப்படும்தானே?

ஐரோப்பாவில் அந்தக் கண்டுபிடிப்பு பெரிதாகச் சூடு பிடிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்காவின் டவ் கெமிக்கல் கம்பெனியில் ரே மெக்கின்டயர் என்பவர், மின்கம்பி மேல் சுற்ற ரப்பர் மாதிரி வளையும் பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்டைரீனோடு ஐசோபியூட்டிலீன் என்ற வாயுவை அழுத்தத்தில் சேர்த்தார். இரண்டும் இணைந்து ரப்பர் ஆகும் என்பது திட்டம். ஆனால் ஸ்டைரீன் தன்பாட்டுக்குப் பாலிஸ்டைரீன் ஆனது, வாயு உள்ளே சிக்கி அதை ஊதியது. கிடைத்தது சாதாரண பாலிஸ்டைரீனை விட 30 மடங்கு லேசான நுரை.

பிறகு பார்த்தால் பேடன்ட் ஏற்கனவே முன்டர்ஸ் கையில்! டவ் கம்பெனி அந்த உரிமையை வாங்கிக்கொண்டு, பெரிய அளவில் செய்யும் முறையை வளர்த்தது. உருகிய பிளாஸ்டிக்கில் அழுத்தத்தோடு வாயுவைக் கரைப்பது, பிறகு ஒரு துவாரம் வழியாக வெளியே தள்ளுவது. வெளியே வந்ததும் சோடா பாட்டில் திறந்த மாதிரி அழுத்தம் விழுந்து, பலகையாக உப்பிவிடும். பெயர் ஸ்டைரோஃபோம். 1942இல் அமெரிக்கக் கடலோரக் காவல் படை உயிர்காக்கும் மிதவைக்கு இதைப் பயன்படுத்தியது. தண்ணீர் புகாத மூடிய குமிழ்கள், மூழ்கவே மூழ்காது.

இதில் நமக்கு ஒரு காமர்ஸ் பாடம். முதலில் கண்டுபிடித்தவர், பிறகு தானாகக் கண்டுபிடித்தவர், அதைச் சந்தைக்குக் கொண்டு போனவர் என்று ஒரே பொருளுக்கு மூன்று பேர் இருக்கலாம். பணம் பெரும்பாலும் மூன்றாமவர் பக்கம்தான் போகிறது.

பொரி வழி: நம்ம தெர்மாகோல்

ஸ்டைரோஃபோமும் தெர்மாகோலும் ஒன்றல்ல. இரண்டும் பாலிஸ்டைரீன்தான், ஆனால் செய்முறை வேறு. தெர்மாகோலை உடைத்தால் உருண்டை உருண்டையாக உதிரும், கவனித்திருப்பீர்கள். அந்த உருண்டைகள்தான் அதன் பிறப்புச் சான்றிதழ்.

1949இல் ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் பிஏஎஸ்எஃப் கம்பெனியில் ஃபிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி என்ற வேதியியலாளர் பாலிஸ்டைரீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஷூ பாலிஷ் டப்பாவில் போட்ட மாதிரி ஒன்று சூடான உலர்த்தும் பெட்டிக்குள் இருக்க, பிறகு திறந்து பார்த்தால் டப்பாவின் மூடியைத் தலையில் சுமந்தபடி ஒரு நுரைத் தூண் எழுந்து நின்றதாம். உள்ளே கலந்திருந்த பென்டேன் என்ற எளிதில் ஆவியாகும் திரவம் செய்த வேலை. 1950களின் தொடக்கத்தில் ஸ்டைரோபோர் என்ற பெயரில் இது சந்தைக்கு வந்தது.

செய்முறை அப்படியே பொரிதான். பென்டேன் அடங்கிய சிறு மணிகள் கடுகு, ஜவ்வரிசி அளவில் வரும். நீராவி பட்டதும் பிளாஸ்டிக் இளகும், பென்டேன் ஆவியாகும், மணி சுமார் 40 மடங்கு வரை உப்பும். சில மணி நேரம் ஆற வைத்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து நிரப்பும். பிறகு அச்சில் கொட்டி மறுபடி நீராவி விட்டால், உருண்டைகள் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளும். டிவி பெட்டிக்கு வேண்டிய வடிவம், மீன் பெட்டிக்கு வேண்டிய வடிவம், எது வேண்டுமானாலும் வரும்.

இந்த முறையின் உண்மையான வெற்றி லாரி வாடகையில் இருக்கிறது. தெர்மாகோல் பெட்டிகளை லாரியில் ஏற்றினால் லாரி நிறைந்துவிடும், எடை ஒன்றும் இருக்காது. காற்றை ஏற்றிக்கொண்டு போய் டீசல் செலவழிப்பதற்குச் சமம். ஸ்டாஸ்ட்னியின் மணிகளோ உப்பாத நிலையிலேயே மூட்டையில் வரும். எந்த ஊரில் வேண்டுமோ அங்கே ஒரு பாய்லர் வைத்து உப்ப வைத்துக்கொள்ளலாம். சின்ன ஊர்களிலும் தெர்மாகோல் பட்டறைகள் முளைத்ததற்கு இதுவே காரணம். இன்றைய பிஏஎஸ்எஃப் இந்தியா, 1943இல் ஆர்.ஏ. கோல் என்ற பெயரில் பதிவான கம்பெனி. தெர்மோகோல் என்ற வணிகப் பெயரின் வாலில் ஒட்டியிருப்பது அந்தக் 'கோல்'தான். நம் நாக்கில் அது தெர்மாகோல் ஆனது.

(தெர்மாகோல் என்றதும் சிலர் 2017 வைகை அணையை நினைத்துச் சிரிப்பது கேட்கிறது. தண்ணீர் ஆவியாகாமல் இருக்கப் பரப்பிய தாள்களைக் காற்று கரைக்கு ஒதுக்கிவிட்டது. ஒரு கன மீட்டருக்கு 15, 20 கிலோ மட்டுமே எடையுள்ள ஒன்றைத் திறந்த நீர்ப்பரப்பில் விட்டால் காற்று சும்மா இருக்குமா?)

இட்லி வழி: பாலியூரித்தேன்

இப்போது மெத்தைக்கும் சோபாவுக்கும் வருவோம். 1937இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பாயர் என்பவரும் அவர் குழுவினரும் பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தார்கள். பாயர் கம்பெனியில் இருந்தாலும் அந்தக் கம்பெனியை நிறுவிய குடும்பத்துக்கும் இவருக்கும் சொந்தம் கிடையாது, பெயர்ப் பொருத்தம் மட்டுமே. நைலானுக்குப் போட்டியாக ஒரு பொருள் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம், நுரை அல்ல.

ஐசோசயனேட் என்ற திரவத்தையும் பாலியால் என்ற திரவத்தையும் கலந்தால் பாலியூரித்தேன். ஆனால் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஐசோசயனேட் அந்தத் தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடும். செய்த பொருள் முழுக்க ஓட்டை ஓட்டையாக வரும். போலி ஸ்விஸ் சீஸ் செய்யத்தான் இது லாயக்கு என்று அங்கே யாரோ கிண்டல் செய்ததாக ஒரு கதை பிரபலம். பிறகு தண்ணீரை வேண்டுமென்றே அளந்து ஊற்றினால் என்ன என்று யோசித்தார்கள். குறை என்று நினைத்ததே தொழிலானது.

இங்கே வாயு உண்டாவதும் பொருள் கெட்டியாவதும் ஒரே பாத்திரத்தில், ஒரே நேரத்தில் நடக்கும். இரண்டு குதிரைகளையும் சமமாக ஓட்ட வேண்டும். அமீன் வகை ஊக்கி வாயுப் பக்கக் குதிரையைத் தட்டிவிடும், தகரச் சேர்மம் கெட்டியாகும் பக்கத்தை. சிலிக்கோன் எண்ணெய் வகைப் பொருள் குமிழ்கள் உடையாமல் தாங்கும். 1950களின் இரண்டாம் பாதியில் விலை குறைந்த பாலிஈத்தர் பாலியால்களும் இந்தச் சிலிக்கோனும் வந்த பிறகு, எல்லாவற்றையும் ஒரே தடவையில் கலந்து ஊற்றும் முறை சாத்தியமானது. நகரும் பெல்ட்டில் திரவத்தை ஊற்றுவார்கள். ஓரிரு நிமிடத்தில் ஆள் உயரத்துக்கு ரொட்டி போல எழும்பும். ஆறியதும் அதைத் துண்டு போட்டால் மெத்தை, தலையணை, பஸ் சீட்.

ஆப்பசோடா: கரிகிரியில் ஒரு செருப்பு

குறுக்குவழி என்று சொன்ன ஆப்பசோடா முறையில்தான் நம் ஹவாய் செருப்பு பிறக்கிறது. சூடானால் வாயு விடும் ஒரு ரசாயனப் பொடியை ரப்பரோடு பிசைந்து, அச்சில் வைத்து, அழுத்தத்தில் சூடாக்குவார்கள். அழுத்தம் இருக்கும் வரை வாயு அடங்கிக் கிடக்கும். பிரஸ்ஸைத் திறந்த நொடியில் ரப்பர் ஷீட் அச்சை விடப் பெரிதாக விரிந்து துள்ளி வெளியே வரும். உள்ளே கண்ணுக்கே தெரியாத நுண்ணிய, தனித்தனியாக மூடிய குமிழ்கள். இதற்கு மைக்ரோசெல்லுலர் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர். என்று பெயர்.

இந்த எம்.சி.ஆருக்கு நம் மண்ணோடு ஓர் உறவு உண்டு. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேயர் பால் பிராண்ட், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் கால்கள் அழுகிப் போவது நோய் சதையைத் தின்பதால் என்றுதான் அன்று ஊரே நம்பியது. பிராண்ட் பார்த்துப் பார்த்து வேறு முடிவுக்கு வந்தார். நரம்பு மரத்துப்போவதால் வலி தெரிவதில்லை. வலி தெரியாததால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி அழுத்தம் விழுந்து புண்ணாகிறது. புண்ணின் மேலேயே நடந்து, கடைசியில் கால் போகிறது.

காரணம் அழுத்தம் என்றால் மருந்தும் அழுத்தத்தைப் பரப்புவதுதான். வேலூர் அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் உருவான செருப்பில், பாதம் படும் பக்கம் மிருதுவான எம்.சி.ஆர்., கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர். சாதாரண ஸ்பாஞ்ச் உடல் எடையில் ஒரேயடியாக அமுங்கித் தட்டையாகிவிடும். எம்.சி.ஆரின் மூடிய குமிழ்கள் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காற்றுத் தலையணை, அமுங்கும், ஆனால் தரை தட்டாது. இன்றும் தொழுநோயால் கால் மரத்தவர்களுக்கு எம்.சி.ஆர். செருப்பு கொடுக்கப்படுகிறது. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும் மருத்துவர்கள் இதைப் பரிந்துரைக்கிறார்கள். குமிழின் அளவு கொஞ்சம் மாறினால் ஒருவரின் கால் மிஞ்சுமா மிஞ்சாதா என்பதே மாறிவிடுகிறது.

குமிழுக்குள் வந்த வில்லன்

இதுவரை நுரை நல்ல பிள்ளை. இனிதான் கேள்வி இரண்டு.

மெத்தை ஃபோமில் குமிழ்கள் திறந்தவை, காற்று வந்து போகும். ஆனால் ஃபிரிட்ஜ் சுவருக்கு வேண்டியது கெட்டியான, மூடிய குமிழ் ஃபோம். அதற்குள் என்ன வாயு இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் குளிர் தங்கும். கரியமில வாயு சீக்கிரம் கசிந்து போய்விடும். 1950களின் இறுதியில் தொழிற்சாலைகள் பிடித்துக்கொண்ட பதில் சி.எஃப்.சி.-11.

வியாபாரக் கண்ணோடு பார்த்தால் அது தங்கம். சுமார் 24 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். பாலியூரித்தேன் கலவையில் பிறக்கும் சூடே போதும், தானாக ஆவியாகி ஊதிவிடும். தீப்பிடிக்காது, சுவாசித்தால் பெரிய விஷமில்லை, விலை குறைவு, வெப்பத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஃபிரிட்ஜ் சுவரில் கண்ணாடிப் பஞ்சு இருந்த இடத்தில் இந்த ஃபோம் வந்ததும் சுவர் மெலிந்தது. அதே அளவு பெட்டிக்குள் கூடுதல் இடம். வாங்குபவருக்கு லாபம், விற்பவருக்கும் லாபம். காஸ்ட் ஷீட்டில் ஒரு குறையும் தெரியாது.

குறை இருந்தது காஸ்ட் ஷீட்டுக்கு வெளியே. 1974இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சி.எஃப்.சி. வகைகள் கீழே எதனோடும் வினைபுரியாமல் மெல்ல மேலே ஏறும், அங்கே புற ஊதாக் கதிர் அவற்றை உடைக்கும், வெளிவரும் குளோரின் ஓசோனை அழிக்கும் என்றார்கள். தொழில்துறை கடுமையாக எதிர்த்தது. 1985இல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் பெருமளவு குறைந்திருப்பதை பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 1987 செப்டம்பர் 16ஆம் தேதி மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1995இல் மொலினா, ரோலண்ட், பால் குருட்சென் மூவருக்கும் நோபல் பரிசு.

ஸ்பிரேயில் இருந்த சி.எஃப்.சி. அடித்தவுடன் காற்றில் போய்விடும். ஃபோமில் இருப்பது அப்படியல்ல. குமிழுக்குள் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் மெல்ல மெல்லக் கசியும். பழைய ஃபிரிட்ஜை உடைத்தால் மிச்சமும் ஒரேயடியாக வெளியே வரும். விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயரே 'வங்கி'. ஆம், பேங்க் :-) நம் தாத்தா காலத்தில் போட்ட டெபாசிட்டை, வளிமண்டலம் இன்னும் வட்டியோடு எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஒருவர் செலவை இன்னொருவர் தலையில் கட்டுவதற்கு எகனாமிக்ஸ் வகுப்பில் எக்ஸ்டர்னாலிட்டி என்று பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். இதை விடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ஃபிரிட்ஜ் வாங்கியவருக்கு மின்சாரம் மிச்சம், கம்பெனிக்கு லாபம். பில் போனது இன்னும் பிறக்காத பிள்ளைகளின் தோலுக்கும் கண்ணுக்கும்.

மாற்று வாயுவும் சின்னப் பட்டறையும்

சட்டம் போட்டால் போதுமா? பதிலுக்கு எதை ஊற்றுவது?

பெரிய ஃபிரிட்ஜ் கம்பெனிகள் சைக்ளோபென்டேனுக்கு மாறின. ஓசோனுக்குத் தீங்கில்லை, ஆனால் பெட்ரோல் மாதிரி தீப்பற்றும். அதனால் தொழிற்சாலையில் தனித் தொட்டி, வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, தீப்பொறி வராத மின் இணைப்பு, காற்றோட்டம் எல்லாம் வேண்டும். பெரிய கம்பெனிக்கு அது ஒரு முதலீடு. பத்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது கடையை மூடச் சொல்வதற்குச் சமம்.

நடுவழியாக வந்தது ஹெச்.சி.எஃப்.சி.-141பி. ஓசோனை அழிக்கும் திறன் சி.எஃப்.சி.-11இல் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. கெடுதல் குறைவு, பூஜ்யம் அல்ல. வளரும் நாடுகளுக்கு சி.எஃப்.சி.யைக் கைவிட 2010 ஜனவரி 1 வரை அவகாசம் கிடைத்தது. மாற்றத்துக்குப் பணம் கொடுக்க ஒரு பன்னாட்டு நிதியும் உருவானது. 1992இல் ஒப்பந்தத்தில் சேர்ந்த இந்தியா, இந்த 141பி-யையும் 2020 ஜனவரி 1 முதல் நிறுத்தியது.

பணக்கார நாடு, ஏழை நாடு இரண்டுக்கும் ஒரே விதி, ஆனால் வேறு வேறு கெடு, கூடவே மாற்றத்துக்குப் பண உதவி. சுற்றுச்சூழல் ஒப்பந்தங்களில் மாண்ட்ரியல் ஏன் ஜெயித்தது என்று கேட்டால், இந்தக் கணக்கை நேர்மையாகப் போட்டதும் முக்கியக் காரணம் என்பேன்.

2018: ஒரு துப்பறியும் கதை

கதை சுபமாக முடிந்தது என்று எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில் இடைவேளை ட்விஸ்ட். 2018 மே மாதம் ஸ்டீபன் மான்ட்ஸ்காவும் சக விஞ்ஞானிகளும் நேச்சர் இதழில் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். காற்றில் சி.எஃப்.சி.-11 குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை. 2012க்குப் பிறகு வெளியீடு சுமார் 25 சதவீதம் ஏறியிருக்கிறது. யாரும் தயாரிப்பதாகக் கணக்குக் காட்டாத ஒரு பொருளை யாரோ தயாரிக்கிறார்கள்!

அதே ஆண்டு ஜூலையில் என்விரான்மென்டல் இன்வெஸ்டிகேஷன் ஏஜென்சி என்ற தன்னார்வ அமைப்பு ஓர் அறிக்கை விட்டது. சீனாவின் 10 மாகாணங்களில் 18 கம்பெனிகள், கட்டட ஃபோமுக்குத் தடை செய்யப்பட்ட சி.எஃப்.சி.-11ஐப் பயன்படுத்துவதை ஒப்புக்கொண்டதாக அதில் இருந்தது. காரணம் ரொம்ப சாதாரணம். விலை குறைவு, ஃபோம் நன்றாக வருகிறது. பெரிய சதித்திட்டம் எல்லாம் இல்லை. எந்தச் சின்னப் பட்டறை முதலாளியும் போடுகிற கணக்குதான்.

2019இல் கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹதெருமா தீவுக் கண்காணிப்பு நிலையங்களின் அளவீடுகளை வைத்து, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். உலகளாவிய உயர்வில் 40 முதல் 60 சதவீதம் கிழக்குச் சீனாவிலிருந்து, முக்கியமாக ஷான்டோங், ஹெபெய் மாகாணங்கள் பக்கமிருந்து வந்தது என்று முடிவு வந்தது. சீன அரசு சோதனைகளை முடுக்கியது. 2021இல் வந்த ஆய்வுகள், வெளியீடு மறுபடி வேகமாக இறங்கிவிட்டதைக் காட்டின.

எனக்கு இதில் இரண்டு விஷயம் தோன்றுகிறது. ஒன்று, சட்டத்துக்குக் கண் வேண்டும். யாரோ ஒரு தீவில் உட்கார்ந்து தினமும் காற்றை அளந்துகொண்டிருக்காவிட்டால், இந்தத் திருட்டு வெளியே தெரிந்தே இருக்காது. இரண்டு, பட்டறைக்காரரை வில்லன் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நல்ல வாயுவுக்கும் கெட்ட வாயுவுக்கும் இடையே விலை வித்தியாசம் இருக்கும் வரை, ஏதாவது ஓர் ஊரில் யாராவது ஒருவர் அந்தக் கணக்கைப் போடுவார். அந்த வித்தியாசத்தைக் குறைப்பதுதான் நிஜமான வேலை.

கடைசியாக

இன்னும் முடியவில்லை. ஓசோனைத் தொடாத ஹெச்.எஃப்.சி. வாயுக்கள் பூமியைச் சூடாக்குபவை என்பதால் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலி நகரில் திருத்தம் வந்தது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. சீக்கிரம் சிதைந்துபோகும் ஹெச்.எஃப்.ஓ. வகைகள் இப்போது வந்திருக்கின்றன, விலைதான் அதிகம். பழைய ஆம்லெட், சோடா, பொரி, இட்லி வழிகள் அப்படியே இருக்கின்றன. மாறிக்கொண்டே இருப்பது உள்ளே போகும் வாயு.

தெர்மாகோலுக்கு மட்டும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். ஸ்டாஸ்ட்னி தேர்ந்தெடுத்த பென்டேன் ஓசோனைத் தொடாது. அந்தக் குற்றச்சாட்டில் தெர்மாகோல் நிரபராதி. அதன் பாவம் வேறு. மக்காது, உதிர்ந்து மணி மணியாக ஏரிக்கும் கடலுக்கும் போகும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டும் கப்பும் தடை செய்யப்பட்டதற்குக் காரணம் அதுதான். அங்கே பிரச்சினை குமிழுக்குள் இல்லை, குமிழின் சுவரில்.

அடுத்த முறை வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் பெருக்கும்போது அங்கே ஒட்டியிருக்கும் சிறு எழுத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். பல மாடல்களில் ஃபோமுக்குப் பயன்படுத்திய வாயுவின் பெயர் இருக்கும், பெரும்பாலும் சைக்ளோபென்டேன். விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள், விலைச் சீட்டிலும் இருக்காது. ஆனால் அந்த ஒரு சொல் அங்கே வருவதற்கு 1974இலிருந்து எத்தனை பேர் சண்டை போட வேண்டியிருந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு லேபிளில் என்ன பெயர் இருந்தது என்று பின்னூட்டத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.